இருவரும் ஏறிய எடைமேடை

லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. ஓட்டுநர்கள் எடைச் சீட்டுக்காகக் காத்திருக்கும் அறையில் கைவைத்த மர நாற்காலி ஒன்றுதான் கிடந்தது. ஒருநாள் பெருத்த உடம்புக்காரர் ஒருவர் அதிலிருந்து எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்து வந்தது. அறையே சிரித்தது. மறுநாள் அந்த நாற்காலிக்குக் கைகள் இல்லை. "கரையான் அரிச்சிடுச்சு, அறுத்துப் போட்டுட்டேன்" என்றார் எடை போடுபவர். அறுத்த கட்டைகளில் கரையான் பட்ட சுவடே இல்லை என்பது, அவற்றை விளையாட எடுத்துக்கொண்ட அவருடைய மகளுக்கு மட்டும் தெரியும்.

நாலு பேர் சிரிக்கும் அந்த வலி அவருக்கும் பழக்கம்தான். நூற்றுப் பத்து கிலோ. காலை முதல் மாலை வரை ஒரே இருக்கை. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவதுதான் உடற்பயிற்சி. 'டன் அண்ணே' என்று ஓட்டுநர்கள் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். பன்னிரண்டு வயது மகளைப் பள்ளியில் 'உருளை' என்றார்கள். அவளுக்குச் சிரிக்க வரவில்லை.

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளைம்பாங்க. நான் ஈர்க்குச்சியா நிக்கிறேன், இவ அப்பனையே உரிச்சு வச்சுப் பொறந்திருக்கா" என்பாள் அம்மா.

பள்ளிக்கு வந்த டாக்டர் அப்பாவையும் மகளையும் ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளைய மட்டும் நடக்கச் சொன்னா நடக்காது. பெத்தவங்க உட்கார்ந்திருந்தா பிள்ளையும் உட்கார்ந்துதான் இருக்கும். ரெண்டு பேரும் நடங்க."

மறுநாள் விடியலில் கிளம்பினார்கள். எடைமேடை வரை நடை. பிறகு அங்கே லாரி நிற்கும் வெளியை ஐந்து சுற்று. அவருக்குத் துருத்தி போல இரைத்தது. "ஆண்டவா, காலைக் குடுத்த, கொஞ்சம் காத்தையும் குடு" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்.

மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து மேடையில் ஏறி நிற்பார்கள். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். லாரிக்கு அது போதும்.

"மருந்துக்கடையில தனித்தனியா ஏறிப் பாத்தா என்னவாம்?" என்றாள் அம்மா.

"அங்க நாலு பேர் எட்டிப் பாப்பாங்க. பிள்ளை குறுகிப் போகும். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே எடைதான், போ."

முதல் தடவை நூற்று எழுபது. நான்கு மாதமாகியும் அதே நூற்று எழுபது. ஐந்தாம் மாதம் நூற்று அறுபது! மகள் மேடையிலேயே குதித்தாள். "குதிக்காதேடி, எடை ஆடுது!" என்றார் அவர். ஏழாம் மாதம் நூற்று ஐம்பது.

"என்ன டன் அண்ணே, லோடை எங்க இறக்குனீங்க?"

"நானும் எம்பொண்ணும் வழியெல்லாம் சிந்திக்கிட்டே வர்றோம்ப்பா!"

அம்மா அவருடைய கால்சட்டையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். மகளின் சீருடையில் ஊசி படவில்லை. சந்தோஷத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு ஒரு காலையில் அவர் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "இன்னிக்கு மூணு சுத்து போதும்டா குட்டி."

"இன்னும் ரெண்டே ரெண்டுப்பா. நீங்க உக்காந்தா நானும் உக்காந்துடுவேன்."

அவர் எழுந்து நடந்தார். இரண்டு சுற்றும் நடந்தார். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் பல மாதமாக நோய் இருக்கிறது, உடம்பை உருக்கியது அதுதான் என்றார்கள்.

மகளுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. நடையை விடவில்லை. உடம்பும் பெரிதாக இளைத்துவிடவில்லை. அவள் பெற்ற பெண் முன்னால் ஓடிக்கொண்டிருப்பாள். இவள் பின்னால் மெதுவாக வருவாள். பக்கத்தில் அந்தத் துருத்தி மூச்சு ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று கேட்டால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். கேட்கக்கூடாத வரம் என்று தெரிந்தும் கடவுளிடம் கேட்பாள். பிறகு அந்தக் கடவுளிடமே மன்னிப்பும் கேட்பாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, பார்வை நேரம் முடிந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் விம்மினாள்: "எனக்கு ஒண்ணுமே குறையலப்பா. எல்லாம் உங்களோடது. முடியாம இருந்த உங்கள நான்தான் நடக்க வச்சேன்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "அழாதேடா குட்டி. இருபது கிலோவையும் வியாதியா தின்னுச்சு? அதுல அஞ்சு கிலோ நீ நடந்து குறைச்சது. இருபது வருஷமா எடை போடுறவன் சொல்றேன், கேட்டுக்க."