பாடத்திட்டக் குழுவில் செல்வராஜ்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை தக்கலையில் செல்வராஜ் பேருந்தில் ஏறியதும் நான் தூங்குவதுபோல் நடித்தேன்.

இருவரும் ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் வாத்தியார்கள். பிரிண்டர் மக்கர் செய்தால்கூட என்னைக் கூப்பிடுகிறவன், இப்போது ஐ.டி. பட்டப்படிப்புக்குப் புதுப் பாடத்திட்டம் வகுக்கும் பல்கலைக்கழகக் குழுவில் உறுப்பினர்!

பக்கத்தில் உட்கார்ந்து உலுக்கினான்.

"ஏலே, நடிக்காத. மொபைல் ஆப்பு, கிளவுடு எல்லாம் சேத்தாச்சு."

"நான் நடத்துற எனக்க பாஸ்கல் பாடம்?"

"அந்தப் பழைய கம்ப்யூட்டர் மொழியத் தூக்கியாச்சு மக்கா. இனி நீயும் பிள்ளியளுக்க கூட இருந்து படி."

முன்சீட்டுப் பெண்மணி திரும்பி, "சாரே, எம் மவன எந்தப் படிப்புல சேக்கலாம்?" என்றார். அவனிடம்தான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

நியாயமான எரிச்சல்தானே, சொல்லுங்கள்.

அந்தக் குழுவுக்கு எங்கள் கல்லூரி முதல்வர் முதலில் கூப்பிட்டது என்னை. வெட்டி அலைச்சல் என்று செல்வராஜைக் கைகாட்டியது நான்தான்.