தடை போட்ட காகிதம்

யாகப்பம்மாள் இறால் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, மகள் பிரெசில்லாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நாலாம் வகுப்பு வந்தும் பிள்ளைக்கு 'ட'வும் 'ப'வும் ஒன்றாகத்தான் தெரிந்தது. சோதித்துப் பார்க்கக் கோயம்புத்தூர்ப் பக்கத்து டீச்சர் ஒருத்தி வந்திருந்தாள். அவள் எழுதித் தந்தால்தான் பிள்ளை இங்கேயே படிக்கும். இல்லையென்றால் ராமநாதபுரத்தில் விடுதியோடு உள்ள தனிப் பள்ளிக்குப் போகவேண்டும். கணவன் மரியதாஸ் இரண்டு வருசமாக பஹ்ரைனில், மீன்பிடிப் படகில். பிள்ளையும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளோடு பேசச் சுவர்தான் மிச்சம்.

"எப்பம்மா பேச ஆரம்பிச்சா?"

"தடைக்காலத்துலதான் டீச்சர்." மீன்பிடிக்க அரசாங்கம் தடை போட்டு, விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக்கிடந்த அந்த இரண்டு மாதம்தான் மரியதாஸ் வீட்டில் இருந்து பிள்ளையைக் கொஞ்சினான்.

"தடை எத்தனை நாள் இருந்துச்சு?"

"ரெண்டு மாசம். வருசா வருசம் வாரதுதான?"

"வருசா வருசமா?" டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிறைய எழுதினாள்.

நாலு நாள் கழித்துக் காகிதம் வந்தது. யாகப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்தில் காட்டினால் பிள்ளைக்கு ஒரு பட்டப்பேர் கட்டிவிடுவார்கள். மரியதாஸ் கடலில் இருந்தான்; போன் போகவில்லை. காகிதம் மாதா படத்துக்குப் பின்னால் இரண்டு நாள் கிடந்தது.

மூன்றாம் நாள் பிரெசில்லாவே அதை எடுத்து விரல் வைத்தாள். "அம்மா, இங்கன தடைன்னு போட்டிருக்கு."

"அடியே, நீயா வாசிக்கிற?"

"வாசிக்கலம்மா. படகு கட்டுற ஜெட்டியில, தடைக்காலம்னு போட்ட போர்டுல இருக்குற மாதிரியே இருக்கு."

தான் டீச்சரிடம் சொன்ன தடைக்காலம் யாகப்பம்மாளுக்குச் சுரீரென்று நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், தடை எம்பிள்ளைக்கு இல்ல. கடல்ல போற போட்டுக்கு!"

'பேச்சில் ஆண்டுதோறும் தடை' என்று தான் எழுதியிருந்ததைப் பார்த்து டீச்சர் தலையில் கை வைத்தாள். அந்த வரியை அடித்துவிட்டு, "ஆனா எழுத்துல சிக்கல் இருக்கு. அது நெசம்" என்றாள்.

"இருக்கட்டுமே. நான் இல்லன்னா சொன்னேன்? எங்கிட்ட இருந்தே படிக்கட்டும்."

இங்கேயே படிக்கலாம், தனியாக ஒரு மணி நேரம் சொல்லித்தருவார்கள் என்று புதுக் காகிதம் எழுதினாள் டீச்சர். கீழே இரண்டு கட்டம். ஒன்றில் யாகப்பம்மாள் கைநாட்டு வைத்தாள்.

"இதுல அவங்கப்பா கையெழுத்துப் போடணும். வந்ததும் போடட்டும். எப்ப வருவாரு?"

இங்கே இருந்தபோது தடைக்காலம் வந்தால் மரியதாஸ் வீட்டில் இருப்பான். பஹ்ரைன் கடலுக்கு எப்போது தடைக்காலம் என்று யாகப்பம்மாளுக்குத் தெரியவில்லை.