நீலம் கரைத்த தண்ணீர்

மழை பிடித்தால் அந்தப் பங்களாவின் முன்னறையில் பித்தளைக் குண்டான் "ணங்" என்றும், பிளாஸ்டிக் பக்கெட் "தொப்" என்றும் ஒலிக்கும். அந்த ஓசையை வைத்தே எது நிரம்பப் போகிறது என்பதைப் பின்புறத்து எங்கள் வீட்டிலிருந்தபடியே அம்மா சொல்லிவிடுவாள்.

வெள்ளைக்காரர் காலத்தில் வருவாய்த்துறை அதிகாரிக்காகக் கட்டப்பட்டு, பிறகு நம் அதிகாரிகள் குடியிருந்த அந்த வீட்டைத் திருவண்ணாமலையில் எல்லோரும் "தொரை பங்களா" என்றே அழைத்தார்கள். அங்கே பெருக்கித் துடைப்பது அம்மாவின் வேலை. பின்வீடு அந்த வேலையோடு வந்தது.

ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரான பிறகு வந்த மழைக்காலத்தில், பங்களாவைப் பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்று முடிவுசெய்ய ஓர் இன்ஜினீயர் வந்தார். இடித்தால் அம்மாவின் வேலை போகும். கீழ்பென்னாத்தூருக்கு அப்பாலுள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பினால் என் பள்ளிப் படிப்பும் நின்றுவிடும்.

பதினோரு இடத்தில் ஒழுகுவதை எண்ணிய இன்ஜினீயர், "தளமே போச்சு, இடிச்சிட வேண்டியதுதான்" என்றார்.

"பதினொண்ணு இல்லீங்க சார், ஒரே எடந்தான். மேல ஒரு எடத்துல எறங்கி, மர உத்தரத்தப் புடிச்சிக்கினு ஓடி அங்கங்க சொட்டுது" என்றாள் அம்மா.

"ஏம்மா, நீ எந்தக் காலேஜ்ல இன்ஜினீயருக்குப் படிச்ச?"

"வருஷா வருஷம் பக்கெட்டு வெக்கிறவ நானுங்க."

மழை விட்ட மறுநாள், துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக்கொண்டு அவள் ஏணியேறினாள். கைப்பிடிச் சுவரோரம் அரசங்கன்று வேர்விட்டிருந்த வெடிப்பில் நிதானமாக ஊற்றினாள். கீழே முன்னறையில் இன்ஜினீயரும் நானும் அண்ணாந்து நின்றோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தபோது, வெடிப்பிலிருந்து பத்தடி தள்ளி நின்ற அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் ஒரு நீலச் சொட்டு விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற இடங்களிலும்.

இறங்கிவந்த அம்மா, "பயப்படாதீங்க சார், நீலந்தான். சட்ட நல்லா வெளுக்கும்" என்றாள். அவரே சிரித்துவிட்டார்.

வேரை அகற்றி, தளத்தைச் சுண்ணாம்பால் கெட்டிப்படுத்தி, பங்களாவை மீட்டார்கள். ஆனால் அதே திட்டத்தில் எங்கள் பின்வீடு இருந்த இடம் கார் நிறுத்தப் போயிற்று. அது நியாயந்தானா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அம்மாவின் வேலை நிலைத்ததால் அருகிலுள்ள வேங்கிக்காலில் வாடகைக்குக் குடியேறினோம், நான் பட்டம்வரை படித்தேன் என்பதையும் மறுக்க முடியவில்லை.

முன்னறை இப்போது முகாம் அலுவலகம். சென்ற வாரம் அம்மாவின் ஓய்வூதிய மனுவோடு அங்கே காத்திருந்தோம். வெளியே கனத்த மழை. குண்டானும் பக்கெட்டும் இல்லை, அந்த ஓசையும் இல்லை; கூட்டத்தில் ஒருவரும் மேலே பார்க்கவில்லை. அம்மா மட்டும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, நனையாமலிருக்கப் பிளாஸ்டிக் பையில் போட்டிருந்த மனுவை வெளியே எடுத்து மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.