யாரிடம் தன்மை?

எம். புதுப்பட்டி பெத்தணனுக்கு ஒரே மகள் அழகுமீனா. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறாள். அவளுக்குச் சாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பாண்டிச்செல்வம், அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் போர்மேன்.

பெத்தணனுக்கு ஜாதகத்தைவிட விசாரிப்பில்தான் நம்பிக்கை. அதிலும் கேட்பது ஒன்றுதான்: ஆள் தன்மையானவரா? எங்கள் பக்கம் அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். சிரித்த முகமாகப் பேசுவான், பெரியவர்களைக் கண்டால் எழுந்திருப்பான், கைநீட்டி அடிக்க மாட்டான்.

ஆலைக்கு ஆள் சேர்த்துவிடும் கான்ட்ராக்டரைத் தேடிப் போய்க் கேட்டார்.

"நல்ல வேலைக்காரன்தான் அண்ணாச்சி. ஆனா தன்மை பத்தாது. எடுத்தெறிஞ்சு பேசுவான், பாத்துக்கிடுங்க."

வீட்டுக்கு வந்து, "இந்த இடம் வேண்டாம் தாயி" என்றார்.

"யார்கிட்ட எடுத்தெறிஞ்சு பேசுவாகளாம்?" என்று கேட்டாள் அழகுமீனா.

அதை அவர் கேட்டு வரவில்லை. அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவள் வேலை செய்யும் இடத்து மேனேஜர் முதலாளியிடம் குழைவார். பைண்டிங் பெண்களிடம் வாய்க்கு வந்தபடி பேசுவார். அவரையும் ஊர் தன்மையானவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அச்சங்குளத்துக்குப் பேருந்து ஏறினாள். சாயங்காலம் ஆலை வேனிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் வெள்ளைத்தாய் என்ற நடுவயதுக்காரியிடம், வந்த காரியத்தை மறைக்காமல் சொன்னாள்.

வெள்ளைத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதான் கட்டிக்கப் போறவளா? அப்ப நல்லா கேட்டுக்கோ. வெக்கை ஏறிட்டா அந்தத் தம்பி வெடிமருந்து ரூமைப் பூட்டிட்டு எங்களை மரத்தடிக்கு அனுப்பிரும். லோடு நிக்குதுன்னு கான்ட்ராக்டர் கத்துவாரு. இது அவருக்கு மேல கத்தும். கெட்ட வார்த்தைகூட வரும்."

"உங்ககிட்டயும் அப்படித்தானாக்கா?"

"எங்ககிட்டயா? போன சீசன்ல ஒரு பெட்டி தரைச்சக்கரத்தைத் தண்ணில போட்டுட்டேன். கால்ல விழலயே அக்கான்னு கேட்டுட்டுப் போயிருச்சு. அம்புட்டுத் தன்மை."

அழகுமீனா அதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். பெத்தணன் எழுந்து வயல் வரப்புப் பக்கம் போனார். இரண்டு நாள் கழித்து அவரே பாண்டிச்செல்வத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கோபம் வீட்டுக்குள் வராமல் இல்லை. துணிக்கொடியை எங்கே கட்டுவது என்பதில் ஒருநாள் அவன் குரலை உயர்த்த, அவளும் உயர்த்தினாள். பக்கத்து வீட்டு அருணாதேவி எட்டிப் பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொடி இன்னும் அவள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.

போன மாதம் வளைகாப்பு. ஆலையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்து, கூடத்தில் இடமில்லாமல் வாசலிலும் உட்கார்ந்தார்கள். பரிமாற ஆள் போதவில்லை. பெத்தணன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாயச வாளியைத் தூக்கினார்.