ஜன்னலைச் சாத்திய மதியம்

திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேற்கே மணலிப் பக்கமிருந்து ஆலை நாற்றம் வந்தால் யாரும் ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. ஜன்னலைச் சாத்துவோம், கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகுவோம், திட்டுவோம். திட்டுவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரி.

அன்று மதியம் தின்னர் வாடை அடித்தது. பெயிண்டில் கலப்பார்களே, அதே வாடை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகள் காலையிலிருந்து வாந்தி எடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இப்போது மூச்சு வேறு வாங்கியது. ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக.

"பாவிங்க, என் பொண்ண கொல்றானுங்களே" என்று கத்திக்கொண்டே எல்லா ஜன்னலையும் சாத்தினேன். வாடை குறையவில்லை, கூடியது.

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள்.

"இன்னாக்கா, எல்லாத்தையும் சாத்திகினு கீற?"

"நாத்தம் தெரியல உனக்கு?"

"கடல் காத்து அடிச்சிகினு கீது. மணலி நாத்தம் எப்டி வரும்? வெளிய ஒண்ணும் இல்லக்கா. உன் வூட்டுக்குள்ளதான் அடிக்குது."

மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தேன். அடுப்படியில் இல்லை. கட்டிலை நெருங்க நெருங்க ஏறியது. குனிந்தேன். என் பெண்ணின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது அந்த வாடை. கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் போட்டோம்.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த டாக்டர் உடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். சர்க்கரை நோய். கொஞ்ச நாளாகவே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், வெயில் என்று நினைத்தோம். இளைத்தாள், பரீட்சைக் கவலை என்று நினைத்தோம். இன்சுலின் சுரக்காததால் உடம்பால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியவில்லை, கொழுப்பை எரித்திருக்கிறது, அதில் ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். அமிலத்தைக் குறைக்கத்தான் நுரையீரல் அப்படி இரைத்ததாம். வாடையும் கொழுப்பு எரிந்ததால் வந்ததுதானாம்.

பிழைத்துக்கொண்டாள். தினமும் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள்.

இப்போதும் தெருவில் நாற்றம் கிளம்பினால் நான் ஜன்னல் பக்கம் போவதில்லை. நேரே அவளிடம் போய், "ஊது" என்கிறேன்.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டுனவன புடிக்கிற போலீஸ் கணக்கா ஏம்மா இப்டி?" என்று எரிந்து விழுந்துவிட்டு ஊதுகிறாள்.

அவள் வாயில் ஒன்றும் இல்லை, ஆலை நாற்றம்தான் என்று தெரிந்தால், அப்பாடா என்று போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.