இறங்கத் தெரியாமல் ஏறிய சைக்கிள்

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஓசூர் ரோட்டுக்கு மேலே மேம்பாலம் வராத காலம். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறந்த ஊரும் வாக்கப்பட்ட ஊரும் கோலார் தங்கவயல்தான். சுரங்கத்தில் வேலை குறைந்து என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். அவருக்கு ஒரு வாரம் வேலை இருக்கும், மறு வாரம் இருக்காது. என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது, மகள் பள்ளிக்கூடம் போனாள்.

எங்கள் தையல் லைனில் நான் சட்டைக்குக் காலர் வைப்பேன். எனக்கு முன்னால் உட்கார்ந்து கை பொருத்துகிறவள் தருமபுரிப் பக்கத்துப் பெண். இன்னும் கல்யாணம் ஆகாதவள், வாய் ஓயாது. எனக்குப் பின்னால் காஜா போடுகிறவர் கனகபுரத்து அக்கா. எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். தருமபுரிக்காரிக்கு என்னைக் கிண்டல் பண்ணாவிட்டால் பொழுது விடியாது. "தங்கம் வெளையற ஊர்லேர்ந்து வந்துட்டு கழுத்துல மஞ்சக்கயிறோட நிக்கிறியேக்கா" என்பாள். நானும் விட மாட்டேன். "வெளைஞ்சதெல்லாம் வெள்ளைக்காரன் அள்ளிகினு போய்ட்டான், எங்களுக்கு சுரங்கத்துத் தூசியும் இருமலும்தான் மிச்சம்" என்பேன்.

அவர்கள் இரண்டு பேருமே சைக்கிள் பைத்தியங்கள். வேலைக்கு சைக்கிளில் வருவார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கிளம்பிவிடுவார்கள், ஒரு வேலையும் இல்லாமல், சும்மா, ஏரிக்கரையைச் சுற்றிவர! எனக்குச் சிரிப்பாக இருக்கும். வாரம் முழுக்க மெஷின் மிதித்த கால் ஞாயிற்றுக்கிழமையாவது சும்மா இருக்கக் கூடாதா என்று கேட்பேன்.

அந்த நேரத்தில்தான் தலையில் கல் விழுந்தது. எங்கள் லைனைப் புது யூனிட்டுக்கு மாற்றுகிறார்கள் என்றார்கள். பேகூர் தாண்டி எங்கேயோ உள்ளே. பஸ் கிடையாது, கம்பெனி வண்டியும் கிடையாது. முதல் நாள் எட்டரை மணிக்கு கேட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் அங்கே வேலை, மற்றவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம் என்று மேனேஜர் மைக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் காலரை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னாலிருந்து அக்கா என் முதுகில் தட்டினார்.

"ஏ, அளபேடா. அழாதே. ஞாயிற்றுக்கிழமை வா. சைக்கிள் கத்துக்கோ."

"இந்த ஒடம்ப வச்சிகினா? சைக்கிள் தாங்குமாக்கா?"

"சைக்கிள் தாங்கும். ரோடு தாங்குமான்னுதான் எனக்கு டவுட்டு" என்றாள் தருமபுரிக்காரி.

யாரிடமோ கைமாறி வந்த பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்று கிடைத்தது. முன்கூடை ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். வீடே கட்டாத ஒரு புது லேஅவுட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாடம். விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். முட்டியில் தோல் போய், மெஷின் மிதிக்கும்போதெல்லாம் எரியும். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எது முதல் முறையோ அதற்கு மசாலா பூரி. யாரும் பிடிக்காமல் முதல் முறை ஓட்டியதற்கு மசாலா பூரி, முதல் முறை வளைவில் திருப்பியதற்கு மசாலா பூரி, ஓசூர் ரோட்டை முதல் முறை தாண்டியதற்கு ஆளுக்கு இரண்டு பிளேட். "ஹொசது அந்தரே ஹப்ப" என்பார் அக்கா. புதுசு என்றால் பண்டிகைதானாம்.

ஒரு நாள் ஏரிக்கரைச் சரிவில் மிதிக்காமலேயே சைக்கிள் இறங்கியது. காற்று முகத்தில் அடித்தது, முந்தானை படபடத்தது. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஊர்விட்டு ஊர் வந்து, அத்தனை வருஷத்தில் என்னை யாரும் சுமந்ததில்லை. அந்தப் பழைய சைக்கிள் சுமந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் எதற்குக் கிளம்புகிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் வரவில்லை. நிறுத்த வரவில்லை!

சிரிக்காதீர்கள். பவர் மெஷினில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். நுனிக்காலால் மிதியை அழுத்தினால் மெஷின் பறக்கும், குதிகாலால் பின்பக்கம் அழுத்தினால் நின்றுவிடும். கைக்குத் துணியைத் தள்ளுவதுதான் வேலை. பல வருஷமாக அப்படியே பழகிய உடம்பு. சைக்கிளில் பயம் வந்ததும் என் குதிகால்தான் பின்னால் அழுத்தும். பெடல் பின்பக்கமாகச் சும்மா சுற்றும், சைக்கிள் தன் பாட்டுக்குப் போகும். கை ஹேண்டில்பாரைத் துணி மாதிரி நீவிக்கொண்டிருக்குமே தவிர பிரேக் பக்கமே போகாது.

"கை! கை! கைனல்லி ஹிடி!", கையால் பிடி என்று அக்கா தொண்டை கிழியக் கத்துவார். பிரேக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன? நின்ற சைக்கிளில் அழகாகப் பிடித்துக் காட்டுவேன். ஓடும்போதுதான் கை மரத்துப்போகும். கடைசியில் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு பண்ணினார்கள். எங்கே இறங்கணுமோ அங்கே அவர்கள் முன்னால் போய் நிற்பார்கள். நான் வந்ததும் ஒருத்தி ஹேண்டில்பாரைப் பிடிப்பாள், ஒருத்தர் கேரியரைப் பிடிப்பார். மகாராணி மாதிரி இறங்குவேன். "நாங்க இருக்கோமில்ல, நீ ஏறுக்கா" என்பாள் சின்னவள். அந்த ஒரு வார்த்தையை நம்பி, நிறுத்தத் தெரியாமலேயே சைக்கிளில் வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

புது யூனிட்டுக்குப் போகவேண்டிய நாளும் வந்தது. பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டி, சைக்கிளுக்கும் குங்குமம் வைத்துவிட்டுக் கிளம்பினேன். தருமபுரிக்காரி புதுச் சுடிதார் போட்டிருந்தாள். துப்பட்டாவில் ஜிகினா மின்னியது. பேகூர் ஏரி தாண்டும் வரைக்கும் பேச்சும் சிரிப்பும்தான். அதற்கப்புறம் பின்னால் "அய்யோ" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அவள் துப்பட்டா செயினுக்குள் போய்ச் சுருட்டிக்கொண்டு சைக்கிள் சாய்ந்திருந்தது. அக்கா இறங்கி அவளிடம் ஓடினார்.

நான் எங்கே இறங்குவது? சைக்கிள் போய்க்கொண்டே இருக்கிறது.

"நீ போக்கா! நிக்காத! வந்துடறோம்!" என்று அவள் கத்துவது கேட்டது. நிற்கத் தெரிந்தவளிடம் சொல்வது மாதிரி! அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மிதித்தேன்.

வளைவு திரும்பியதும் கம்பெனி தெரிந்தது. ஒற்றைக் கதவு மட்டும் திறந்திருந்த பெரிய இரும்பு கேட். மெயின் படிக்கட்டில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற லைன் பெண்கள் முற்றத்தில் கூடியிருந்தார்கள். வேகமாக உள்ளே நுழைந்துவிட்டேன். பிடிக்க ஆள் இல்லை. குதிகால் பின்னால் அழுத்தியது, பெடல் சுற்றியது. எதிரே துணி இறக்கும் லாரி. பயத்தில் ஹேண்டில்பாரைத் திருப்பினேன். கொடிக்கம்பத்தைச் சுற்றி, வந்த வழியே கேட்டுக்கு வெளியே போய்விட்டேன். எதிரே டீக்கடை. அங்கே ஒரு வளைவு வளைந்து, மறுபடியும் உள்ளே.

வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "ஏனம்மா இது? நில்சம்மா!"

"நில்சக்கே பரல்லா சார்! நிறுத்தத் தெரியாது சார்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எட்டரை ஆகிவிட்டது. மேனேஜர் கையைக் காட்டினார், வாட்ச்மேன் கேட்டைத் தள்ள ஆரம்பித்தார். அதற்குள் நான் உள்ளேயிருந்து அவர் மேலேயே வந்துவிட்டேன். மனுஷன் கேட்டை விட்டுவிட்டு ஒதுங்கினார். நான் வெளியே போனேன். மறுபடி தள்ளினார், மறுபடி உள்ளே வந்தேன். பெண்பிள்ளையைத் தொட்டுப் பிடிக்க அவருக்குக் கூச்சம். தடியை நீட்டிப் பார்த்தார், நான் போட்ட கூச்சலில் அதையும் இழுத்துக்கொண்டார்.

மேனேஜருக்குக் கோபம் ஏறிவிட்டது. "என்னம்மா சர்க்கஸ் காட்டறீங்களா? இந்தத் தடவை உள்ள வந்து இறங்கணும். இன்னொரு ரவுண்ட் வெளிய போனீங்க, அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க!"

அந்தச் சொல் காதில் விழும்போது நான் டீக்கடைப் பக்கம் வளைந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. எப்படி என்று இன்றைக்கும் தெரியாது. இரண்டு கையும் தானாக மூடின. பிரேக் பிடித்தது. சைக்கிள் கிரீச்சென்று கிட்டத்தட்ட நின்றேவிட்டது. கால்விரல் தரையில் உரசியது. கன்றுக்குட்டி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

நிறுத்த வந்துவிட்டது! பிரேக்கைத் தளர்த்தி மிதித்தேன், திரும்ப லேசாக அழுத்திப் பார்த்தேன், சொன்னபடி கேட்டது. இனி உள்ளே போய் அழகாக இறங்கலாம். வேலை நிச்சயம், மகளுடைய படிப்பு நிச்சயம். கேட்டுக்குள் நுழைந்தேன். வாட்ச்மேன் என் முதுகுக்குப் பின்னால் கேட்டைத் தள்ளும் சத்தம் கேட்டது.

கொடிக்கம்பத்தைச் சுற்றும்போது ரோட்டைப் பார்த்தேன். வளைவில் இன்னும் அவர்கள் இரண்டு பேரையும் காணோம். நான் இறங்கினால் கேட் மூடிவிடும், அவர்களுக்கு வேலை போய்விடும்.

நின்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். மகள் முகம் வந்தது, வீட்டுக்காரர் முகம் வந்தது. கை பிரேக்கின் மேல்தான் இருந்தது. ஆனால் "நாங்க இருக்கோமில்ல" என்ற குரலும் காதுக்குள்ளேயே இருந்ததே, என்ன செய்ய? கையை எடுத்துவிட்டேன். மணியை விடாமல் அடித்துக்கொண்டு நேரே கேட்டைப் பார்த்து மிதித்தேன். "நில்சக்கே பரல்லா! பரல்லா!" என்று முன்னைவிடப் பெரிதாகக் கத்தினேன். பாவம் வாட்ச்மேன், பாதி மூடிய கேட்டை மறுபடி இழுத்துத் திறந்தார். நான் வெளியே போய்விட்டேன். பின்னால் மேனேஜர் ஏதோ கத்தினார். திரும்பிப் பார்க்க தைரியம் இல்லை.

டீக்கடையைச் சுற்றும்போது கண்ணில் பட்டார்கள். அக்கா எழுந்து நின்றே மிதித்து வந்தார். தருமபுரிக்காரியின் கழுத்தில் பாதித் துப்பட்டாதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கேட்டைக்கூட நினைக்கவில்லை. "இருக்கா, புடிக்கிறேன், புடிக்கிறேன்!" என்று அவள் கத்தினாள். மூன்று சைக்கிளும் ஒன்றாகக் கேட்டுக்குள் புகுந்தன. உள்ளே போனதும் இரண்டு பேரும் தங்கள் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஒருத்தி ஹேண்டில்பாரைப் பிடித்தாள், ஒருத்தர் கேரியரைப் பிடித்தார். நான் மகாராணி மாதிரி இறங்கினேன்.

முற்றம் முழுக்கக் கைதட்டல். மேனேஜர் எங்கள் பக்கம் இறங்கி வந்தார். பாதித் துப்பட்டாவைப் பார்த்தார், அக்காவின் கையிலிருந்த செயின் கிரீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார். "போங்க, போங்க, உள்ள போங்க. நாளைக்கு இறங்கக் கத்துக்கிட்டு வாங்க" என்றார்.

சாயங்காலம் வழியில் மசாலா பூரி வண்டியைப் பார்த்ததும் நானே பிரேக் பிடித்து நிறுத்தி இறங்கினேன். இரண்டு பேரும் திகைத்து நின்றுவிட்டார்கள்.

"எப்போ கல்த்தே?" என்றார் அக்கா. எப்போது கற்றுக்கொண்டாய் என்று.

"காலைலயே. நீங்க வர்றதுக்கு ஒரு சுத்து முன்னாடி."

சின்னவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "அப்புறம் ஏன்கா எறங்கல? வேல போயிருந்தா?" என்றாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிட்டது. வாய் ஓயாதவள், பாதித் துப்பட்டாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே அழுதாள். அக்கா என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். "ஹுச்சி, பைத்தியக்காரி" என்று திட்டிவிட்டு, அன்றைக்கு எல்லோருக்கும் அவரே வாங்கிக் கொடுத்தார். காரம் என்று சொல்லிச் சொல்லி மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் எங்களுக்கு எத்தனையோ முதல்கள் வந்தன. என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, தருமபுரிக்காரிக்குக் கல்யாணம், அக்காவுக்குப் பேத்தி. எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போய் மசாலா பூரிதான் சாப்பிட்டோம். இன்றைக்கும் நாங்கள் சைக்கிளில் சந்தித்தால், நான் நிறுத்துவதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரின் கையும் தானாக நீளும். எனக்கே நிறுத்தத் தெரியும் என்று நான் சொல்வதில்லை. வேலையும் சம்பளமும் எத்தனையோ வந்து போயின. என்னைப் பிடிக்க ஓடிவரும் அந்த நாலு கைக்காக, நிறுத்தத் தெரிந்தும் நிறுத்தாமல் போன அந்த ஒரு சுற்றைத்தான் என் வாழ்நாளில் நான் ஒழுங்காக சைக்கிள் ஓட்டிய நேரம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.