பெரட்டுக் களத்தில் ஒரு வகுப்பு

என் படிப்புக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அதற்கும் அம்மாவிடம் அறை வாங்கினேன்.

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், எனக்கு ஆறு வயது. எங்கள் பள்ளிக்கூடம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மழை பெய்தால் பாடம் கேட்காது. பெய்யாவிட்டால் கேட்கும், எனக்குப் புரியாது. அங்கே புதிதாக ஓர் இளம் வாத்தியார் வந்து சேர்ந்தார். சின்னப் பிள்ளைகள் இயற்கையோடு இருந்துதான் படிக்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். முதல் வாரமே எங்களை வெளியே கிளப்பிவிட்டார்.

இயற்கைக்கு எங்களிடம் குறைவில்லை. உட்காரத்தான் இடமில்லை. தோட்டத்தில் சமதரை என்று இருந்தது ஒன்றே ஒன்று, பெரட்டுக் களம். விடியும் முன்னே ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, இன்னின்ன மலைக்குப் போ என்று பிரித்து அனுப்புகிற இடம். எட்டு மணிக்கு மேல் அங்கே நாய்கூட இருக்காது. வாத்தியாருக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

எங்களையும் வரிசையாக நிறுத்தினார். வரவு இடாப்பை விரித்துப் பேர் கூப்பிட்டார். "இருக்கேனுங்க" என்று ஒவ்வொருவராகச் சொன்னோம். பிறகு, "ஆளுக்கு ஒரு இலை பறிச்சிட்டு வாங்க, பாப்போம்" என்றார்.

மற்றவர்கள் புல்லும் பூசணி இலையுமாகக் கொண்டுவந்தார்கள். நான் களத்தின் ஓரத்துத் தேயிலையில், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, கசங்காமல் ஒடித்துக்கொண்டு வந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவின் விரல்களைப் பார்த்து வந்தது. வாத்தியார் என் கையை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க. இன்னிக்கு இவன்தான் முதலாவது."

அப்போதுதான் அம்மா வந்தாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்தில், களம் தெரிகிற மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், முதுகுக் கூடையும் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்குமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். மலையிலிருந்து கங்காணி அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நான் முதலாவதாக வந்த சேதி அவ்வளவு தூரம் எப்படிப் போயிற்று என்று எனக்கு ஆச்சரியம். கொழுந்தைக் காட்டினேன். அறை விழுந்தது.

"இவன் பேர யாருங்க பதிஞ்சது?"

"நாந்தாம்மா. புதுசா வந்த வாத்தியார்."

"வாத்தியாருக்குப் பெரட்டுக் களத்துல என்னங்க வேல? எம் புள்ளைக்கு ஆறு வயசுங்க."

"பாடந்தாம்மா நடக்குது. இயற்கையோட இருந்து படிச்சா..."

"அதோடதான் நாங்க இருக்கோமே. இவனாச்சும் கூரைக்குக் கீழ உக்காரட்டுமுங்க."

வாத்தியார் இடாப்பைத் திறந்தார், பிறகு மூடினார். பயிற்சியில் இந்தக் கேள்வி வந்திருக்காது. மறுநாளிலிருந்து நாங்கள் பழையபடி தகரத்துக்குக் கீழேதான்.

அந்த நேரம் எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. அம்மா மலையில் இதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறாள்? அவள் செய்தால் வேலை, நான் செய்தால் அறையா? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தேன்.

அவள் என் கையிலிருந்த கொழுந்தைப் பிடுங்கினாள். தூர எறியப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் கை, அதன் பழக்கப்படி, தோளுக்கு மேலாகப் போய்க் கொழுந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டது. கூடையில் போட்ட தன் கையையே பார்த்தாள். என்னை அறைந்தபோது அழாதவள், அப்போது அழ ஆரம்பித்தாள்.

முதலாவதாக வந்த கொழுந்து மற்றதோடு கலந்துவிட்டதே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. அவள் படங்கைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. இன்னொன்னு பறிச்சுத் தர்றேன்."